ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960-களில் இந்தியாவில் புதுக் கார் வாங்க நினைத்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் இருந்தன. கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், மதராஸின் ஹெரால்டு. முதல் இரண்டைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் வடிவமைப்பில் அதிகப் புதுமை இருந்தது மூன்றாவதில். அந்தப் புதுமைகளுக்கு ஏற்ற பராமரிப்பு கிடைக்காததால் கெட்ட பெயர் வாங்கியதும் அதுதான். வீட்டில் ஹெரால்டு வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஹெரால்டு நம் ஊர்க் காரா, இங்கிலாந்துக் காரா?

பிறந்தது இங்கிலாந்தில். கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி 1959 ஏப்ரலில் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று அதை வெளியிட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சினியரிங் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டருடையது.

1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி அதை மதராஸை அடுத்த வண்டலூரில் தயாரித்தது. அதற்கு முன்பே அந்தக் கம்பெனி ஸ்டாண்டர்டு வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் கார்களை விற்றுவந்ததால், இங்கே மக்களுக்குப் பழகிய 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரே ஹெரால்டுக்கும் வந்தது. இங்கிலாந்தில் எஞ்சின் 948 சிசியிலிருந்து 1147, பிறகு 1296 என்று வளர்ந்தது. வண்டலூர் ஹெரால்டு கடைசிவரை 948 சிசியிலேயே நின்றுவிட்டது. உள்நாட்டு உதிரிபாகங்களின் பங்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடியது.

மற்ற கம்பெனிகள் தனிச் சேஸிஸை (காரைத் தாங்கும் அடிச்சட்டத்தை) கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு மட்டும் ஏன் சேஸிஸோடு வந்தது?

வேறு வழி இருக்கவில்லை. இந்தக் காரின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்டாண்டர்டின் முந்தைய சிறிய கார்களுக்கு பாடி அடித்துக் கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி. 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. சேஸிஸ் இல்லாத ஒற்றைக்கூடு பாடி செய்யத் தகடு அடிக்கும் பெரிய பிரஸ்களும், டை எனப்படும் பெரிய அச்சுகளும் வேண்டும். அந்த வசதி இப்போது எதிராளியின் கையில் இருந்தது. அதனால் வெப்ஸ்டரின் குழு பாடியைச் சிறு துண்டுகளாகப் பிரித்தது. முன் பகுதி, நடுப் பகுதி, பின் பகுதி, கூரை, வாசற்படிப் பட்டை என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சிறிய ஆலையில் அடித்து, கடைசியில் ஒரு சேஸிஸின் மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள்.

கட்டாயத்தில் எடுத்த இந்த முடிவு வெளிநாட்டுத் தயாரிப்புக்கு மிகவும் வசதியாக அமைந்தது. பெரிய பிரஸ் ஆலை இல்லாத நாட்டிலும் பெட்டியில் வரும் துண்டுகளை வைத்துக் கார் பூட்டிவிடலாம். முதலில் ஒரு துண்டை உள்நாட்டில் அடிக்கலாம், அடுத்த ஆண்டு இன்னொன்று. வண்டலூருக்கு இந்தக் கார் பொருந்தியதற்கு இது பெரிய காரணம்.

இதற்கு விலையும் இருந்தது. இணைப்பு எத்தனையோ, மழைத்தண்ணீர் நுழையும் வழியும் அத்தனை. ஹெரால்டின் கதவு இடைவெளிகள் ஒரே சீராக இல்லாததற்கும், மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வருவதற்கும் காரணம் இதுதான்.

அந்தக் காலத்துக்கு அதில் என்ன புதுமை?

முதலில் பானெட். பானெட், இரண்டு மட்கார்டு, விளக்குகள் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கக் கீலில் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் முழுசாக வெளியே தெரியும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து கார்ப்புரேட்டரைக் கழற்றலாம்.

அடுத்தது திரும்பும் வட்டம். வெறும் 25 அடி, அதாவது 7.6 மீட்டர். லண்டன் டாக்ஸிக்குச் சட்டம் கேட்ட அளவு அது. குறுகிய தெருவில் ஒரே திருப்பில் காரைத் திருப்பிவிடலாம்.

ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன். ஸ்டியரிங் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரட்டைக் குழாய். முன்னால் மோதினால் தண்டு ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் உள்ளே சுருங்க வேண்டும் என்பது நோக்கம். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தது. அந்த விலையில் இருந்த ஆங்கிலேயக் குடும்பக் கார்களில் இது அபூர்வம்.

கடைசியாக ஒன்று. பழைய கார்களில் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை பல இடங்களில் கிரீஸ் அடிக்க வேண்டும். ஹெரால்டில் நைலான் புஷ்ஷும் ரப்பர் புஷ்ஷும் வைத்து அந்த வேலையைப் பெருமளவு குறைத்தார்கள். ஆனால் 'கிரீஸே வேண்டாத கார்' என்று விளம்பரம் போய்ச் சேர்ந்ததும், ஆயில் கேட்கும் ஒன்றிரண்டு இடங்களையும் மக்கள் மறந்துவிட்டார்கள். ட்ரன்னியன் அப்படி மறக்கப்பட்ட இடம்.

ட்ரன்னியன் என்றால் என்ன? எல்லோரும் ஏன் அதைப் பற்றியே எச்சரிக்கிறார்கள்?

முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டுக்கு 'வெர்டிகல் லிங்க்' என்று பெயர். அதன் மேல்முனையில் ஒரு பால் ஜாயின்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை வெண்கலத்தால் ஆன ஒரு கட்டைக்குள் திருகி உட்காரும். அந்த வெண்கலக் கட்டைதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டின் மரை ட்ரன்னியனுக்குள் சுழலும். காரின் முன் எடை முழுவதையும், ஒவ்வொரு குழியின் அடியையும் அந்த மரைதான் வாங்குகிறது.

இங்கே ஊற்ற வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் கூடவே கூடாது. கார்க் கம்பெனியின் கையேட்டிலேயே இப்படித்தான் இருக்கிறது. ஆனால் கிரீஸ் கன் பழகிய கைகள் இங்கிலாந்திலும் இங்கேயும் கிரீஸையே அடித்தன. கிரீஸ் மரையின் எல்லாச் சுற்றுகளுக்கும் போய்ச் சேராது. ஒரு பக்கம் கெட்டியாகி நின்றுவிடும். மேலே இருக்கும் ரப்பர் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது. இரும்புத் தண்டின் மரையில் துரு குழி குழியாக அரிக்கும். அந்தக் குழி ஒன்றிலிருந்து விரிசல் தொடங்கி, ஒருநாள் தண்டு மரைப் பகுதியில் பட்டென்று ஒடியும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். பெரும்பாலும் இது மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் நடக்கிறது. வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆயில் ஊற்றி வந்த ட்ரன்னியன் பல்லாண்டு உழைக்கும். லோட்டஸ் கம்பெனி தன் செவன், எலான் கார்களின் முன் சக்கரத்துக்கு இதே குடும்பத்துத் தண்டையும் ட்ரன்னியனையும் தேர்ந்தெடுத்தது. அமைப்பு பலவீனமானது என்பது உண்மையல்ல.

ட்ரன்னியனுக்கு ஆயில் ஊற்றுவது எப்படி?

முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சேஸிஸின் அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். வெண்கலக் கட்டையில் ஒரு சிறிய பிளக் போல்ட் இருக்கும். சுற்றிலும் உள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகு பிளக்கைக் கழற்றி, அதே மரைக்கு ஏற்ற கிரீஸ் நிப்பிள் ஒன்றைப் போடுங்கள். இதற்கென்றே ஒரு கன்னைத் தனியாக வைத்து, அதில் ஈபி 90 ஆயிலை நிரப்புங்கள். ஏற்கெனவே கிரீஸ் இருந்த கன்னைத் துடைத்துவிட்டு உபயோகிக்க வேண்டாம். கன்னின் ஓரங்களில் ஆயில் வழியும், கீழே பழைய துணி போட்டு வையுங்கள்.

தண்டு கட்டைக்குள் நுழையும் மேல் வாயில் ஆயில் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாலைந்து முறை திருப்பி, மறுபடி கொஞ்சம் அடியுங்கள். முதலில் வருவது செம்பழுப்பு நிறத்தில் இருந்தால் உள்ளே துரு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆயில் ஊற்றியதோடு விடாமல் கழற்றிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் நிப்பிளை எடுத்துவிட்டுப் பிளக்கையே திரும்பப் போடுவது நல்லது. நிப்பிளைப் பார்த்தால் அடுத்த ஷெட்டில் யாராவது கிரீஸ் அடித்துவிடுவார்கள்.

தினமும் ஓடும் காருக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். எப்போதாவது ஓடும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கிரீஸ் அடித்த கார் என்றால்?

முழுக்கக் கழற்றுங்கள். தண்டையும் கட்டையையும் மண்ணெண்ணெயில் கழுவி, மரையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் தண்டை மாற்றுங்கள். குழி இல்லாவிட்டாலும் லேத் பட்டறைகளில் கிடைக்கும் சிவப்புச் சாய ஸ்ப்ரே போட்டு விரிசல் பார்த்துவிடுங்கள். மரையை வெல்டிங்கில் நிரப்பித் திரும்ப வெட்டும் வேலைக்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு பக்கத்துக் கட்டைகளும் ஒன்றல்ல. ஒன்றில் வலது மரை, மற்றதில் இடது மரை. திரும்பப் பூட்டும்போது கட்டையைத் தண்டில் முழுக்கத் திருகி, முட்டியதும் சரியான நிலை வரும்வரை பின்னோக்கித் திருப்புங்கள். முட்டிய நிலையிலேயே பூட்டினால் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பும்போது மரை அடியில் இடித்து, தண்டே ஒடியும்.

முன் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது. பேரிங்கா, ட்ரன்னியனா?

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். உதவிக்கு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் மேல் பால் ஜாயின்ட்டோ, ட்ரன்னியன் அடியில் விஷ்போனோடு (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கையோடு) சேரும் நைலான் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங் கனமாகி, திருப்பம் முடிந்தபின் தானாக நேருக்குத் திரும்பாவிட்டால் ட்ரன்னியன் காய்ந்திருக்கிறது. ரேக்கைக் குறை சொல்லும் முன் அங்கே பாருங்கள்.

ஹெரால்டு திருப்பத்தில் கவிழும் என்கிறார்களே, உண்மையா?

அடிப்படை இல்லாத பேச்சு அல்ல. பின் சக்கரங்களின் அமைப்பைப் புரிந்துகொண்டால் ஏன் என்று தெரியும்.

எஞ்சினின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சேஸிஸில் அசையாமல் பூட்டியிருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வோர் ஆக்சில் தண்டு. தண்டின் உள்முனையில் மட்டும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு, சக்கரத்தின் பக்கம் கிடையாது. எனவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது செங்குத்தாக நிற்காமல் தண்டோடு சேர்ந்து சாயும். இதற்கு 'ஸ்விங் ஆக்சில்' என்று பெயர். டிஃபரென்ஷியலின் தலைக்கு மேலே குறுக்காகப் படுத்திருக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங்தான் இரண்டு பக்கத்தையும் தாங்குகிறது.

வேகமாகத் திருப்பத்தில் நுழைந்து, பயந்து, பாதியில் ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ எடை முன்னால் பாயும், பின்பக்கம் எழும்பும். எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். மடங்கிய சக்கரம் காரின் பின்பக்கத்தை இன்னும் மேலே தள்ளும். பிடிப்பு சட்டென்று போய், வால் வெளியே வீசும். செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எல்லாம் இதே வியாதியைப் பார்த்தவைதான்.

ஓட்டுவதற்கு ஒரே விதி: வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே போங்கள். அப்படி ஓட்டினால் சாதாரண வேகத்தில் இந்தக் கார் நிம்மதியாகத் திரும்பும்.

டயர் காற்றும் முக்கியம். பின் டயரில் முன் டயரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே அளவு அடித்துவிடும் பெட்ரோல் பங்க் வழக்கம் ஹெரால்டுக்கு ஆகாது. ரேடியல் டயரையும் பழைய ரகமான கிராஸ்-பிளை டயரையும் கலந்தால் ரேடியல் பின்னால் மட்டும்தான் போகலாம். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்-பிளை என்று ஓட்டுவது ஆபத்து. சக்கரம் 13 அங்குலம், முதலில் வந்த டயர் 5.20-13. இன்று 155/80 ஆர்13 பொருந்தும். அதைவிட அகலமாகப் போட்டால் முழுத் திருப்பத்தில் உரசத் தொடங்கும்.

பின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா? எப்படித் தெரியும்?

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின்னாலிருந்து பாருங்கள். சக்கரங்களின் மேல்பக்கம் மிகவும் உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. இதற்கு மாறாகப் புது ஸ்பிரிங் போட்டதும் சக்கரங்களின் மேல்பக்கம் வெளியே விரிந்து நின்றால் அதுதான் அதிக ஆபத்து. ஆளும் சாமானும் ஏற்றிச் சில நூறு கிலோமீட்டர் படியும்வரை மெதுவாகவே ஓட்டுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் வளைவைக் குறைக்க வேண்டும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பின் சக்கரம் கீழே தொங்காமல் பிடித்து வைத்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். பின் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க்கின் அடியில் ஜாக்கி கொடுக்காமல் அதன் போல்ட்டை உருவினால் ஸ்பிரிங்கின் விசை முழுவதும் ஒரே அடியாக விடுபடும். ஸ்பிரிங்கை டிஃபரென்ஷியலோடு சேர்க்கும் நட்டுகளுக்குப் பின் சீட்டை எடுத்தால் தெரியும் மூடி வழியாகக் கையை விடலாம்.

1970-ல் இதே குடும்பத்து ஸ்பிட்ஃபயர் காரில் கோவென்ட்ரிக்காரர்கள் இந்தக் குறைக்கு எளிய மருந்து கண்டார்கள். ஸ்பிரிங்கின் பட்டைகளில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை நடுவில் அசையும்படி விட்டார்கள். இதனால் கார் சாயும்போது ஸ்பிரிங் எதிர்ப்பது குறைந்து, சக்கரம் மடங்குவதும் குறைந்தது. கார் சாய்வதைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரை முன்பக்கத்தில் தடித்ததாகப் போட்டு ஈடுகட்டினார்கள். ஹெரால்டிலும் இதைப் பொருத்தலாம். ஆனால் பின் ஸ்பிரிங்கும் முன் பாரும் சேர்ந்தே மாற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் நிலைமை மோசமாகும்.

எஞ்சினில் எதை முதலில் பார்ப்பது?

கிராங்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் வாஷர். எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஒருவரைக் கிளட்ச்சை அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்கள். முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். அனுமதித்த அளவு 0.1 முதல் 0.2 மி.மீ. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அளவுக்கு நகர்ந்தால் காரை ஓட்டாதீர்கள்.

கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அதைத் தடுப்பவை பின் மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள் மட்டுமே. சிக்னலில் கிளட்ச்சிலேயே கால் வைத்து நிற்கும் பழக்கம் அவற்றைத் தின்றுவிடும். மெலிந்தபின் அவை நழுவி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். அதைச் சரிசெய்யும் செலவில் வேறு எஞ்சின் வாங்கிவிடலாம். நேரத்தில் கவனித்தால் எஞ்சினை இறக்காமலே வேலை முடியும். சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றி, புது வாஷரைச் சுற்றி நுழைத்துவிடலாம். காடி வெட்டிய பக்கம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நாட்களில் மறுபடி போய்விடும். ஆட்டம் அதிகமானால் 0.13 மி.மீ. கூடுதல் தடிமனிலும் வாஷர் கிடைக்கிறது.

டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள சந்து) எட்டு வால்வுக்கும் குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ. கணக்கு எளிது. முழுக்கத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-லிருந்து கழியுங்கள். வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யுங்கள். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. பாயின்ட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் 0.64 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

முதல் கியருக்கு சின்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) இல்லை. கார் முழுக்க நின்றபிறகுதான் போட வேண்டும். உருளும்போது போட்டால் வரும் கரகரப்பு கியர்பாக்ஸின் பழுதல்ல.

ஆயில் எங்கே எவ்வளவு?

எஞ்சின் சம்ப்புக்கு 4 லிட்டர், ஃபில்டரையும் மாற்றினால் சுமார் 4.5 லிட்டர். கியர்பாக்ஸுக்கு 0.85 லிட்டர், டிஃபரென்ஷியலுக்கு 0.57 லிட்டர். பின்னது சரியாக ஒரு பைன்ட். இந்தச் சின்ன அளவில் கால் பங்கு கசிந்தாலே கியர் காய்ந்துவிடும், அதனால் டிஃபரென்ஷியலின் அடியில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அன்றே பாருங்கள். கியர்பாக்ஸில் ஜிஎல்-4 ரகக் கியர் ஆயில் ஊற்றுங்கள். ஜிஎல்-5 ரகம் சிலவற்றில் உள்ள ரசாயனம் உள்ளே இருக்கும் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கும்.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகுமா?

ஓடும், ஆனால் சில மாற்றங்கள் தேவை. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கரைக்கும். பெட்ரோல் ஹோஸ், மெக்கானிக்கல் பம்ப்பின் டயஃப்ரம், கார்ப்புரேட்டர் கேஸ்கெட் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஹோஸ் கசிந்து எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் கார் எரிந்துபோகும், அதனால் இந்த மூன்றில் முதலில் அதை மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காரில் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும். நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் வேறொரு பிரச்சினை. எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை மெல்ல அமிழும், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹெட்டைக் கழற்றும் வேலை வரும்போது கடினமான எக்ஸாஸ்ட் சீட் வளையங்களைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

வாங்கும்போது துருவை எங்கே தேடுவது?

பாடியைப் பார்த்து மயங்காதீர்கள். பாடித் துண்டுகளைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், காரைத் தாங்குவது சேஸிஸ். நடுவில் ஓடும் இரண்டு பெட்டித் தண்டுகளை, குறிப்பாக டிஃபரென்ஷியலைப் பூட்டியிருக்கும் பின் பகுதியை, சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மாறி மொத்தென்று ஒலித்தால் உள்ளே துரு. அடுத்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் டிக்கியின் அடியில் இருப்பவற்றையும் பாருங்கள். கைகளை வெட்டி மாற்றலாம். நடுத்தண்டு போயிருந்தால் வேறு காரைத் தேடுங்கள்.

கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் உடனே டிங்கரிங் என்று முடிவு கட்டாதீர்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள தகட்டுத் துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் இதைச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு முன் சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். வளைந்த சேஸிஸை தகடு வைத்து மறைத்த கார்கள் விற்பனைக்கு வருகின்றன.

பானெட்டின் இரு பக்கக் கொக்கிகளும் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தாலும் ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான்கு கதவு ஹெரால்டு அசல்தானா?

அசல்தான், அதுவும் இந்தியாவில் மட்டும். இங்கிலாந்தில் ஹெரால்டு எப்போதும் இரண்டு கதவுக் காராகவே விற்றது. டிரைவர் வைத்துக் குடும்பத்தோடு போகும் நம் பழக்கத்துக்கு, முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறுவது ஒத்துவரவில்லை. அதனால் வண்டலூர் எஞ்சினியர்கள் 1960-களில் நான்கு கதவு பாடியைத் தாங்களே உருவாக்கினார்கள். பாடியைத் துண்டுகளாக வடிவமைத்திருந்ததால்தான் இது சாத்தியமானது. ஒற்றைக்கூடு காரில் இந்த மாற்றத்துக்கு டை எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

1972-ல் அதே அடிப்படையில் ஸ்டாண்டர்டு கஸல் வந்தது. எஞ்சின் அதே 948 சிசி. பின்னால் மட்டும் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, வாங்குபவர்களும் மெக்கானிக்குகளும் அறிந்த ஒரே தண்டு ஆக்சிலைப் போட்டார்கள். ஹெரால்டின் பின் சஸ்பென்ஷனைப் பற்றி அதைச் செய்த கம்பெனியே கொடுத்த தீர்ப்பு இது. எங்கள் பார்வையில், ஓட்டும் சுகத்தில் ஹெரால்டு மேல், கவலையில்லாமல் ஓட்டுவதில் கஸல் மேல். கஸல் குறைந்த எண்ணிக்கையிலேயே வந்து 1977-ல் நின்றது.

உதிரிபாகம் கிடைக்குமா?

சக்கரத்தைச் சுற்றியும் எஞ்சினுக்குள்ளும் இருப்பவை கிடைக்கும். ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 கார்கள் ஹெரால்டின் சேஸிஸ் குடும்பத்திலிருந்தே வந்தவை. அவற்றுக்காக இங்கிலாந்தில் இன்றும் ட்ரன்னியன், புஷ், பேரிங், த்ரஸ்ட் வாஷர் எல்லாம் புதிதாகச் செய்கிறார்கள். கிடைக்காதவை நான்கு கதவு மாடலின் பின் கதவு, அதன் கண்ணாடி, ரப்பர் பீடிங் போன்ற வண்டலூருக்கே உரியவை. எனவே வாங்கும்போது எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கதவும் கண்ணாடியும் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஹெரால்டைப் பழங்கால வாகனமாகப் பதிவு செய்யலாமா?

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத காருக்கு அது பொருந்தும். படிவம் 20-ல் விண்ணப்பம், இன்ஷூரன்ஸ், இருக்கும் பழைய ஆர்சி ஆகியவை வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' என்று வரும். ஏற்கெனவே பதிவுள்ள கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பதிவில் காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஹெரால்டில் தினமும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கும் காரையே வாங்க வேண்டும். 1147 அல்லது 1296 சிசி எஞ்சினைப் பொருத்தும் ஆசை இருந்தால், அசல் எஞ்சினைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மாற்றிய காருக்கு இந்தப் பதிவு மறுக்கப்படலாம்.

பாட்டரி மாற்றும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எந்த முனை எர்த் என்பதை. கோவென்ட்ரியிலிருந்து வந்த பழைய கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை எர்த் செய்தால் எலக்ட்ரானிக் பாகங்கள் இருக்கிற காரில் அவை நொடியில் கருகும். பழைய பாட்டரியைக் கழற்றும் முன்பே பாடிக்குப் போகும் ஒயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம், காரில் இருப்பதைப் பாருங்கள்.